அம்மாவின் கேஸ்ட்ரிக்: வெந்தயம், அதிமதுரம், மிளகாய், ‘மூலிகை’ மாத்திரை – எது காக்கும், எது அரிக்கும்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக வைத்துவிடுகிறேன், மற்றவர்கள் படித்தாலும் புரியும். அம்மாவுக்கு 66 வயது. மேல்வயிற்றில் எரிச்சல், சாப்பிட்டதும் உப்புசம், இரவில் புளியேப்பம். வீட்டில் எல்லோரும் ‘கேஸ்ட்ரிக்’ என்று முடிவுகட்டிவிட்டீர்கள். மிளகாயை அறவே நிறுத்தி, ரசத்தில் மிளகைக்கூடக் குறைத்துவிட்டு, காலையில் வெந்தயத் தண்ணீர், மதியம் மணத்தக்காளிக் கீரை, இரவில் அதிமதுரப் பொடி கலந்த பால் என்று கொடுத்துவருகிறீர்கள். முழங்கால் வலிக்கு மலேசியாவின் ஜோகூர் பாருவிலிருந்து உறவினர் வாங்கிவரும் ‘மூலிகை’ மாத்திரை. அது தீர்ந்துபோனால் வீட்டில் மீந்திருக்கும் டைக்ளோஃபினாக் என்ற வலிமாத்திரை. இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. இயற்கைப் பொருள்களில் எது இரைப்பையைக் காக்கும், எது கெடுக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சிங்கப்பூரில் மருந்தாளராக வேலை செய்கிறேன். நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தந்தது மிளகாயும் இல்லை, வெந்தயமும் இல்லை. அந்த ஜோகூர் மாத்திரையும் அதிமதுரப் பொடியும்தான். ஏன் என்று புரிய வேண்டுமானால், இரைப்பை தன்னைத்தானே எப்படிக் காத்துக்கொள்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வெறும் வயிற்றில் இரைப்பை அமிலத்தின் பிஎச் அளவு 1.5, 2 என்ற அளவில் இருக்கும். கறியைக் கரைக்கிற அளவுக்குக் கடுமையான அமிலம். அது இரைப்பையையே கரைக்காமல் இருக்கக் காரணம், உட்சுவரின் மேல் படர்ந்திருக்கும் சளிப்படலம். ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத இந்தப் படலத்துக்குள் பைகார்பனேட் என்ற காரப்பொருளை உட்சுவர்ச் செல்கள் சுரந்துகொண்டே இருக்கின்றன. அதனால் மேலே அமிலம் கொதித்தாலும், செல்லைத் தொடும் இடத்தில் கிட்டத்தட்ட நடுநிலை. அப்படியும் அடிபடுகிற மேற்பரப்புச் செல்கள் சில நாட்களுக்குள் உதிர்ந்து, புதியவை வந்துவிடும். இதற்கெல்லாம் அடியில் தாராளமான இரத்த ஓட்டம். உள்ளே கசிந்த அமிலத்தை அது வாரிக்கொண்டு போய்விடுகிறது. சளி, பைகார்பனேட், இரத்த ஓட்டம் மூன்றையும் முடுக்கிவிடுவது புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் கதை இதில்தான் இருக்கிறது.

ஒரு பொருள் வயிற்றைக் காக்கிறதா, கெடுக்கிறதா என்று பார்க்கும்போது, அது மரத்திலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்று நான் பார்ப்பதில்லை. இந்தக் காவலை அது தூண்டுகிறதா, முடக்குகிறதா, சும்மா மேலே பூசிவிட்டுப் போகிறதா என்றுதான் பார்ப்பேன்.

ஆஸ்பிரினையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூதாதை வில்லோ மரப்பட்டை. ஐரோப்பாவில் காய்ச்சலுக்கும் வலிக்கும் கொடுத்துவந்த சுத்தமான நாட்டு மருந்து. பட்டையில் இருக்கும் சாலிசின் உடலுக்குள் சாலிசிலிக் அமிலமாகிறது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஆஸ்பிரினை பேயர் நிறுவனத்து வேதியியலாளர்கள் 1897இல் தூய வடிவில் தயாரித்தார்கள். அது வயிற்றை அரிக்கும் என்று மருத்துவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும், ஏன் என்று தெரியாது. 1971இல்தான் ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் காட்டினார்: ஆஸ்பிரினும் அதைப் போன்ற வலிமாத்திரைகளும் உடலில் புரோஸ்டகிளாண்டின் உருவாவதையே தடுக்கின்றன. மூட்டில் வீக்கமும் வலியும் குறைவது அதனால்தான். இரைப்பையில் காவல் சரிவதும் அதே காரணத்தால்தான். 1982இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதிலிருந்து வீட்டுக்கு உதவுகிற ஒரு விஷயம் உண்டு. “சாப்பிட்ட பிறகுதானே போடுகிறோம், ஒன்றும் செய்யாது” என்று பெரியவர்கள் நம்பிக்கையோடு சொல்வார்கள். வயிறு நிறைய இருக்கும்போது போட்டால் மாத்திரை நேரடியாக உறுத்துவது கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். புரோஸ்டகிளாண்டினைத் தடுக்கும் வேலை இரத்தத்தின் வழியாக நடக்கிறது. ஊசியாகப் போட்டாலும், குடலில் போய்க் கரையும் மேலுறை உள்ள மாத்திரையாக இருந்தாலும் இரைப்பைக்கு அந்த ஆபத்து உண்டு. டைக்ளோஃபினாக், மெஃபனாமிக் அமிலம், ஐபுபுரூஃபன், நாப்ராக்சன் எல்லாம் இந்த வகைதான். பாராசிட்டமால் வேறு வகை, வயிற்றுக்கு அவ்வளவாகத் தொந்தரவு தராது.

வலிமாத்திரை போக, வயிற்றுப்புண்ணுக்கு இன்னொரு பெரிய காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982இல் இதை வளர்த்துக் காட்டியபோது, அமிலத்தில் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும் என்று யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சி வந்ததைக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. இந்தக் கிருமி அமிலத்தில் மிதப்பதில்லை. சளிப்படலத்துக்குள் துளைத்துக்கொண்டு போய்ச் செல்களை ஒட்டிக் குடியிருக்கிறது. வருடக்கணக்கில் இருந்தால் சிலருக்குப் புண், மிகச் சிலருக்குப் புற்றுநோய். 1994லேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

ஆக, வயிற்றுப்புண் என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது இரண்டுதான்: என்ன வலிமாத்திரை போடுகிறீர்கள்? கிருமி இருக்கிறதா என்று பார்த்தீர்களா? நம் வீடுகளில் இந்த இரண்டையும் விட்டுவிட்டு நேராக மிளகாய்மேல் பாய்கிறோம்.

மிளகாய்க்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை, ஏனென்றால் இதில் நம் சிங்கப்பூருக்கே ஒரு பங்கு இருக்கிறது. இங்கே வயிற்றுப்புண் சீனர்களிடம் அதிகமாகவும், காரம் கூடுதலாகச் சாப்பிடும் இந்தியர், மலாய்க்காரர்களிடம் குறைவாகவும் இருப்பதை மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். மிளகாய் வயிற்றை அரிக்கும் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆய்வாளர்கள் வயிற்றுப்புண் உள்ள 103 சீன நோயாளிகளையும், புண் இல்லாத 87 பேரையும் ஒப்பிட்டு, அவர்கள் எவ்வளவு மிளகாய் சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். முடிவு 1995இல் வெளியானது. புண் உள்ளவர்கள் மாதத்துக்கு ஏறக்குறைய 312 கிராம் மிளகாய். இல்லாதவர்கள் 834 கிராம்.

இதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. புண் இருப்பவருக்குக் காரம் எரியும், அதனால் அவரே குறைத்திருக்கலாம் அல்லவா? அந்தச் சந்தேகத்துக்கு அதே ஆண்டில் வெளியான இன்னொரு சோதனை ஓரளவு பதில் தருகிறது. ஆரோக்கியமான 18 பேர். ஒருமுறை 20 கிராம் மிளகாயைத் தண்ணீரோடு கொடுத்தார்கள், இன்னொரு முறை வெறும் தண்ணீர். அரைமணி நேரம் கழித்து 600 மில்லிகிராம் ஆஸ்பிரின். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு உள்நோக்கியை (எண்டோஸ்கோப்) இறக்கி இரைப்பையைப் பார்த்து, சிராய்ப்புக்கும் இரத்தப் புள்ளிகளுக்கும் மதிப்பெண் போட்டார்கள். வெறும் தண்ணீர் குடித்தபோது காயத்தின் நடு மதிப்பெண் 4. மிளகாய் சாப்பிட்டபோது 1.5. வாயில் வைத்தால் கண்ணில் நீர் வரவழைக்கிற அதே பொருள், உள்ளே போய் ஆஸ்பிரின் செய்யும் காயத்தைக் குறைத்திருக்கிறது!

காரணம் இதுதான். மிளகாயின் காரமான கேப்சைசின் திசுவை அரிப்பதில்லை. சூட்டை உணரும் நரம்பு முனைகளில் இருக்கும் ஓர் உணர்வியைத் தொட்டு, சூடு பட்டுவிட்டது என்ற செய்தியை எழுப்புகிறது. அந்த உணர்வியை 1997இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. இரைப்பையில் இந்த நரம்புகள் விழித்தால், உட்சுவருக்கு இரத்தம் பாய்வது கூடுகிறது. எலிகளில் இந்த நரம்புகளைச் செயலிழக்க வைத்தபோது, சாதாரணமாகத் தாங்கிக்கொள்கிற பொருள்கள்கூட இரைப்பையைப் புண்ணாக்கின. லேசான உறுத்தல் ஒன்று வந்துபோனால் அடுத்து வரும் பெரிய அடியை இரைப்பை நன்றாகத் தாங்குகிறது என்பதை, 1970களின் கடைசியிலிருந்தே ஆந்த்ரே ராபர்ட் என்ற ஆய்வாளரின் குழு புரோஸ்டகிளாண்டினை வைத்து விளக்கிவந்தது.

அதற்காக ஆஸ்பிரினுக்கு முன்னால் ஒரு கரண்டி சம்பல் சாப்பிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பதினெட்டுப் பேர், அதுவும் நோயில்லாதவர்கள், ஒரே ஒரு வேளை. வெளிவந்த ஆய்வுகள் எல்லாம் மிளகாய்க்குச் சாதகமும் இல்லை. 1987இல் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையில், மிளகாயும் மிளகும் இரைப்பைச் செல்கள் உதிர்வதைக் கூட்டின, சிலருக்கு நுண்ணிய இரத்தக்கசிவும் தெரிந்தது. அடுத்த ஆண்டு அதே குழு, காரமான மிளகாய் சேர்ந்த உணவு சாப்பிட்டவர்களை உள்நோக்கியில் பார்த்தபோது காயம் எதுவும் தெரியவில்லை. என் தீர்ப்பு இதுதான்: சாப்பாட்டோடு சேர்ந்து வருகிற அளவு மிளகாய், புண்ணை உண்டாக்குவதில்லை. ஆனால் ஏற்கெனவே எரிகிற வயிற்றில் அது எரிச்சலைக் கூட்டிக் காட்டும். அமிலம் மேலே ஏறும் தொந்தரவு இருந்தால் நெஞ்செரிச்சலையும் கூட்டும். ஆகவே அம்மாவுக்குக் காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் குறைத்துக்கொள்ளட்டும். அது சௌகரியத்துக்காக. ருசியே இல்லாத சாப்பாட்டைக் கொடுத்து, புண்ணிலிருந்து காப்பாற்றிவிட்டதாக நீங்கள் நிம்மதியடைந்தால், உண்மையான காரணம் தப்பித்துவிடும்.

இப்போது பூச்சு வேலை செய்கிறவை. வெந்தயத்தை இரவு ஊறவைத்து, காலையில் ஒரு விதையை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். தோல் வழுக்கிக்கொண்டு வந்து, விரலெல்லாம் வழவழப்பாகும். காலக்டோமன்னன் என்ற நார்ச்சத்து தண்ணீரைக் குடித்துப் பசையாகும் விதம் அது. இரைப்பையின் சளி வேறு, இது வேறு; இருந்தாலும் இந்தப் பசை கொஞ்ச நேரம் மேலே படிந்து அமிலத்தின் உறைப்பைக் குறைக்கலாம். தமிழ்நாட்டிலேயே எலிகளில் சோதித்து, சாராயத்தால் வரும் இரைப்பைக் காயத்தை வெந்தயச் சாறு குறைப்பதைக் காட்டியிருக்கிறார்கள். மனிதர்களில் புண்ணை ஆற்றும் என்று சொல்ல அது போதாது. ஆனாலும் ஒரு தேக்கரண்டி வெந்தயம் அம்மாவுக்குக் கெடுதல் செய்யாது, எரிச்சல் குறைகிறது என்றால் தொடரட்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுபவர்கள் மட்டும் சர்க்கரை இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போடுபவர்கள் மருந்தாளரிடம் கேட்டுவிட்டுத்தான் தினமும் சாப்பிட வேண்டும்.

வாழைக்காயைப் பற்றி நம்மவர்கள் பெருமைப்படலாம். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் 1960களிலேயே இதை ஆராயத் தொடங்கிவிட்டார்கள். பழுக்காத காயை உலர்த்திப் பொடித்துக் கொடுத்தபோது, எலிகளின் இரைப்பையில் ஆஸ்பிரின் புண் குறைந்தது. பின்னால் பிரிட்டனிலும் இதைச் சோதித்து, லூக்கோசயனிடின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இது வெறும் பூச்சு அல்ல, உட்சுவர் தடிப்பதையே தூண்டுகிறது என்பது அவர்கள் கண்டது. பழுத்த வாழைப்பழத்துக்கு அந்தக் குணம் இல்லை. தேக்காச் சந்தையில் வாழைக்காய் எப்போதும் கிடைக்கிறது. பொரியலாகச் செய்து போடுங்கள், மருந்து என்று நினைக்காமல்.

மணத்தக்காளியும் அதே மாதிரிதான். சென்னையில் எலிகளில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது, மனிதர்களில் உருப்படியான சோதனை குறைவு. கீரையாக வேகவைத்துச் சாப்பிடுவது நல்ல உணவு. பச்சைக் காயைச் சமைக்காமல் கொடுக்காதீர்கள், அதில் சோலனின் என்ற நச்சு உண்டு. வற்றல் குழம்பு என்றால் உப்பைக் கவனியுங்கள்.

உப்பு என்று சொன்னதும் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மிளகாயை நிறுத்திய அதே வீட்டில் ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய், அப்பளம் எல்லாம் வழக்கம்போல் நடக்கும். மிகுந்த உப்பு சளிப்படலத்தைக் குலைக்கிறது, பைலோரி கிருமிக்கு வழிவிடுகிறது, நீண்ட காலத்தில் இரைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது. உப்பில் ஊறிய உணவுக்கு எதிரான ஆதாரம் மிளகாய்க்கு எதிரானதைவிட எத்தனையோ மடங்கு கனமானது. 2022இல் எடுத்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, சிங்கப்பூரர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் சாப்பிடுகிறார்கள். பரிந்துரைக்கப்படும் வரம்பு 2,000. அம்மாவுக்கு இரத்த அழுத்தமும் இருக்கிறது என்றால் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும்.

இனி அதிமதுரம். இது வயிற்றுக்கு நல்லது என்று பாட்டிமார் சொன்னது உண்மைதான், மேல்நாட்டு மருத்துவமே ஒப்புக்கொண்ட உண்மை. நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்ற மருத்துவர், அதிமதுரப் பசை சாப்பிட்ட வயிற்றுப்புண் நோயாளிகளுக்கு வலி குறைவதைப் பார்த்து 1946இல் எழுதினார். அதே நோயாளிகளில் சிலருக்கு முகமும் காலும் வீங்குவதையும் அவரே கவனித்தார். அதிமதுரத்தின் இனிப்பான கிளிசிரைசினிலிருந்து கார்பெனாக்சலோன் என்ற மருந்தை 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் உருவாக்கினார்கள். அது சளி சுரப்பதைக் கூட்டிப் புண்ணை ஆற்றியது. 1976இல் அமிலத்தைக் குறைக்கும் சிமெடிடின் வரும்வரை, புண்ணை உண்மையில் ஆற்றுகிற மருந்து என்று கையில் இருந்த மிகச் சிலவற்றில் அதுவும் ஒன்று. பிறகு ஏன் கைவிட்டார்கள்? ரெவர்ஸ் பார்த்த அதே வீக்கத்தால்தான்.

சிறுநீரகத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் செயலற்றதாக மாற்றும் ஒரு நொதி இருக்கிறது. கிளிசிரைசின் அதைத் தடுத்துவிடும். அப்போது சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும். இரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும். பொட்டாசியம் மிகவும் இறங்கினால் தசை பலமிழக்கும், இதயத் துடிப்பு தடம்மாறும். அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை சிறுநீர் பெருக்கும் வகையாக இருந்தால், அதுவும் பொட்டாசியத்தை வெளியேற்றும், இரண்டும் சேர்ந்துகொள்ளும். நல்ல மாத்திரை போட்டும் அழுத்தம் குறையவில்லையே என்று மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார், இரவுப் பாலில் என்ன கலக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியாது. தொண்டை கமறும்போது ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வதில் தவறில்லை. தினமும் பொடியாக, வாரக்கணக்கில், இரத்த அழுத்தம் உள்ள 66 வயதுப் பெண்ணுக்கு, வேண்டாம். இன்றே நிறுத்திவிடுங்கள். சீன மருந்துக்கடைகளில் விற்கும் பல கலவைகளிலும் இதே வேர் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிளிசிரைசினை நீக்கிய அதிமதுர மாத்திரை தனியாக விற்கிறார்கள், அதில் இந்த ஆபத்து பெரும்பாலும் இல்லை, ஆனால் புண்ணை ஆற்றும் என்பதற்கான ஆதாரமும் வலுவாக இல்லை.

பால், குடித்தவுடன் இதமாக இருக்கும். பிறகு அதிலுள்ள புரதமும் கால்சியமும் சேர்ந்து அமிலம் சுரப்பதைக் கூட்டிவிடும். 1915இல் பெர்ட்ராம் சிப்பி என்ற அமெரிக்க மருத்துவர் மணிக்கொருமுறை பாலும் கிரீமும் கொடுக்கும் சிகிச்சையைக் கொண்டுவந்தார், பல பத்தாண்டுகள் அதுவே உலக வழக்கமாக இருந்தது. இன்று யாரும் கொடுப்பதில்லை. படுக்கப்போகும் நேரத்தில் அம்மாவுக்குப் பால் வேண்டாம், மாலையிலேயே குடிக்கட்டும். கோப்பியும் அமிலத்தைத் தூண்டும், கஃபீன் நீக்கியதும்கூட. ஒத்துக்கொண்டால் குடிக்கலாம், புண்ணுக்கு அது காரணமில்லை. இஞ்சி குமட்டலுக்கு நல்லது, உணவு சீக்கிரம் இறங்கவும் உதவும், சிலருக்கு நெஞ்செரிச்சல் தரும். ஆப்பிள் சிடர் வினிகர் குடித்தால் அமிலம் சமனாகும் என்று பரவுகிற யோசனைக்கு ஆதாரமில்லை. உணவுக்குழாயைப் புண்ணாக்கும், தயவுசெய்து வேண்டாம்.

பூண்டு சோதனைக்குழாயில் பைலோரி கிருமியைக் கொல்கிறது. தேனும், கிரேக்கத்தின் கியோஸ் தீவிலிருந்து வரும் மஸ்திக் பிசினும் அப்படித்தான். அதைப் படித்துவிட்டுக் காலையில் வெறும் வயிற்றில் பச்சைப்பூண்டு மெல்லுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 1999இல் வெளியான ஒரு சிறு சோதனையில், கிருமி உள்ளவர்களுக்கு ஒரே நாளில் பத்துப் பல் பச்சைப்பூண்டு கொடுத்தும் ஒரு மாற்றமும் இல்லை. குழாயில் கிருமி மணிக்கணக்கில் பூண்டுச்சாற்றில் கிடக்கிறது. வயிற்றிலோ கிருமி சளிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது, பூண்டு மேலோடு வழிந்து போய்விடுகிறது. பச்சைப்பூண்டு வெறும் வயிற்றை உறுத்துவதுதான் மிச்சம். மஞ்சளுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்கிறது: தாய்லாந்தில் 206 பேரிடம் செய்து 2023இல் வெளியான ஆய்வில், புண் இல்லாமல் வரும் அஜீரண எரிச்சலைக் மஞ்சளின் சத்தான குர்க்குமின் மாத்திரை, அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரையின் அளவுக்கு ஏறக்குறையக் குறைத்தது. ஆனால் செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால், குறிப்பாக மிளகுச்சத்து சேர்த்தவற்றால், கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். குழம்பில் போடும் மஞ்சளுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

கடைசியாக, எனக்கு மிகவும் கவலை தரும் அந்த மூட்டுவலி மாத்திரை. போட்ட இரண்டாம் நாளே வலி பறந்துபோகிறது, முகமும் கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த மூலிகையும் முழங்கால் தேய்மானத்தை இரண்டு நாளில் அப்படி அடக்காது. ‘முழுக்க இயற்கை’, ‘பக்க விளைவு இல்லை’ என்று எழுதி விற்ற வலி மாத்திரைகளையும் பொடிகளையும் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் சோதித்து, உள்ளே டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபினாக் போன்ற வலிமருந்தும் மறைத்துக் கலந்திருப்பதாகத் திரும்பத் திரும்ப எச்சரித்துவருகிறது. அவற்றில் பல, இணையத்திலும் அக்கம்பக்கத்து நாடுகளிலும் வாங்கியவை. ஸ்டீராய்டும் வலிமருந்தும் சேர்ந்தால் இரைப்பைப் புண்ணும் இரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு பலமடங்கு ஏறுகிறது. அதற்கு மேல் அம்மா சில நாட்கள் டைக்ளோஃபினாக்கையும் போடுகிறார். இதுதான் உண்மை என்றால், வெந்தயமும் மணத்தக்காளியும் எவ்வளவுதான் போராடும்?

இதில் ஒரு எச்சரிக்கை. உள்ளே ஸ்டீராய்டு இருந்து, மாதக்கணக்கில் போட்டிருந்தால், திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. உடல் தன் சொந்தக் கார்ட்டிசாலைச் சுரப்பதை மறந்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், வாந்தி, இரத்த அழுத்தம் விழுந்துபோவது வரை நடக்கலாம். ஆகவே நாளைக்கே அந்த மாத்திரைப் பெட்டியோடு பலதுறை மருந்தகத்துக்கோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ அம்மாவை அழைத்துப் போங்கள். அதிமதுரப் பொடி, வெந்தயம், மீந்த டைக்ளோஃபினாக் அட்டை, இரத்த அழுத்த மாத்திரை, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போய் மேசையில் கொட்டுங்கள். “நாட்டு மருந்து சாப்பிடுகிறோம் என்றால் டாக்டர் திட்டுவார்” என்று அம்மா தயங்குவார். மருத்துவருக்கு அது தெரியாமல் போவதால் வரும் கெடுதல்தான் பெரிது. டைக்ளோஃபினாக்கை இன்றோடு எடுத்துவைத்துவிடுங்கள். முழங்காலுக்கு மேலே தடவும் வலிக்களிம்பு போதுமா, பாராசிட்டமால் போதுமா, தசைப் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று அவரிடமே கேளுங்கள். தடவும் களிம்பில் இரத்தத்துக்குள் போகும் அளவு குறைவு, வயிறு தப்பிக்கும். படிப்பவர்களில் இதய நோய்க்காகத் தினமும் ஆஸ்பிரின் போடுபவர்கள் இருந்தால், இதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். வயிற்றுக்குப் பாதுகாப்பாக வேறு மருந்து சேர்த்துத் தருவார்கள்.

பைலோரி கிருமிக்கான சோதனையையும் கேட்டு வாங்குங்கள். மூச்சை ஊதிச் செய்யும் சோதனை எளிது. ஒமெப்ரசோல் வகை மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் நான்கு வாரமும் இடைவெளி விட்டுத்தான் செய்ய வேண்டும், இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று வந்துவிடும். இருந்தால், இரண்டு ஆன்டிபயாடிக்கும் அமிலம் குறைக்கும் மருந்தும் சேர்த்து, வழக்கமாக 14 நாட்கள் வரை தருவார்கள். பாதியில் விடக்கூடாது. அம்மாவின் வயதில் புதிதாக வந்த எரிச்சல் என்பதால், உள்நோக்கிப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன், தள்ளிப்போட வேண்டாம்.

மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. மலம் தார்போலக் கருத்து, பிசுபிசுப்பாக, வழக்கத்தில் இல்லாத நாற்றத்தோடு போனால், வாந்தியில் இரத்தமோ கோப்பித்தூள் போன்ற துகளோ வந்தால், எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால், நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 995ஐ அழையுங்கள். இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் மலம் கருக்கும்தான். ஆனால் வலிமாத்திரை போடுகிற ஒருவருக்கு அது இரும்புதான் என்று வீட்டிலிருந்தபடி முடிவு செய்யாதீர்கள். எடை தானாகக் குறைவது, விழுங்கும்போது உணவு அடைப்பது, இரத்தசோகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரத்துக்குள் காட்டிவிடுங்கள்.